தேவிகுளத்தில் வசாபி வளருமா, குமுளி மாடியில் வளருமா?

கேள்வி இதுதான்: தேவிகுளத்தில் வீடு, பின்னால் மேட்டிலிருந்து ஹோஸ் வழியாக ஊற்றுத் தண்ணீர் இறங்குகிறது, குமுளியில் இருக்கும் அக்காவுக்கும் மாடியில் தொட்டி வைத்து வளர்க்க ஆசை. இரண்டு இடத்திலும் வசாபி, அதாவது துருவித் தொட்டுக்கொள்ளும் ஜப்பானியக் காரக் கிழங்கு, வருமா, ஆன்லைனில் விற்கும் விதையை நம்பலாமா, கிழங்கு எடுக்க எவ்வளவு காலம் ஆகும்?

தேவிகுளத்தில் தாராளமாக முயலலாம். குமுளி மாடியில் வேண்டாம். அக்காவுக்கு வேறு வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். உரம், மண், விதை எதுவும் இதைத் தீர்மானிப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள வெப்பம் ஒன்றுதான் தீர்மானிக்கிறது. அது சரியாக இருந்தால் வசாபி அப்படியொன்றும் சிரமமான செடி இல்லை.

வசாபி கடுகுக் குடும்பம், முட்டைக்கோஸுக்கும் முள்ளங்கிக்கும் உறவு. ஜப்பானின் மலை ஓடைக் கரைகளில் மர நிழலில் வளர்வது அதன் இயல்பு. காற்றின் வெப்பம் 8 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் செழிக்கும். ஓடும் தண்ணீரில் வளர்ப்பவர்கள் 12 முதல் 15 டிகிரி தண்ணீரைத்தான் விரும்புவார்கள். காற்று 25-ஐத் தாண்டினால் வளர்ச்சி நிற்கும். 27, 28 என்று சில நாள் தொடர்ந்தால் தண்டு அழுக ஆரம்பிக்கும். ஆயிரம் மீட்டர் மலை ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். குமுளி சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூணாறு, தேவிகுளம் பக்கம் 1500-க்கு மேல். இரண்டுக்கும் இடையில் உள்ள நாலைந்து டிகிரியில்தான் வசாபியின் உயிர் இருக்கிறது.

ஆகவே செடிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தெர்மோமீட்டர் வாங்குங்கள். ஏப்ரலில், வெயில் காய்கிற ஒரு வாரம், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இரண்டு இடத்தில் அளவெடுங்கள்: செடி வைக்கப் போகும் நிழலில் காற்று, ஹோஸ் வாயில் தண்ணீர். ஊற்று பூமிக்குள்ளிருந்து வருவதால் அதன் வெப்பம் அந்த ஊரின் ஆண்டு சராசரிக் காற்று வெப்பத்தை ஒட்டியே இருக்கும், கோடையிலும் பெரிதாக ஏறாது. ஆனால் ஹோஸ் வெயிலில் பாறை மேல் நூறு மீட்டர் கிடந்தால் ஊற்றில் இருந்த குளிர்ச்சி வீட்டுக்கு வராது. ஊற்றுக்கண்ணிலும் ஹோஸ் வாயிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். வித்தியாசம் இரண்டு டிகிரிக்கு மேல் இருந்தால் ஹோஸை ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிடுங்கள். ஹோஸ் வாயில் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருந்தால் தண்ணீர்ப் பாத்தி போடலாம். 18-க்கும் 20-க்கும் நடுவில் என்றால் பாத்தி வேண்டாம், நல்ல நிழலில் தொட்டி போதும். 20-க்கு மேல் என்றால் இந்தச் செடியை விட்டுவிடுவதே நல்லது.

இனி விதை. வசாபி விதை காய்ந்தால் செத்துவிடும். ஈரம் குறையாமல், 5 டிகிரி அளவு குளிரில் வைத்திருந்த விதைதான் முளைக்கும். ஆகவே காகித உறையில் சலசலவென்று காய்ந்து வரும் 'வசாபி விதை' எதையும் வாங்காதீர்கள். பெரும்பாலும் அது காரமான கடுகுக் கீரை விதையாகவோ, வசாபி மணம் கொண்ட ஒருவகை ராக்கெட் கீரை விதையாகவோ இருக்கும். அவை நல்ல கீரைகள்தான், ஆனால் கிழங்கு விடாது. ஈர விதையே கிடைத்தாலும் நனைந்த மணலில் கலந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறிலிருந்து எட்டு வாரம் வைத்து, பிறகு 10 முதல் 15 டிகிரி குளிரில் முளைக்கவிட வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அது நீண்ட வழி. பக்கக் கன்றோ திசு வளர்ப்புக் கன்றோ வாங்குவதே சரி.

வெளிநாட்டிலிருந்து யாராவது பையில் கன்று கொண்டு வந்து தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கன்றோ விதையோ கொண்டுவரக் கூடாது. சட்டத்துக்கு மட்டும் பயந்து இதைச் சொல்லவில்லை. வட்டவடையிலும் காந்தலூரிலும் முட்டைக்கோஸ் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. வசாபியின் நோய்களில் பல முட்டைக்கோஸையும் தாக்கும். ஒரு கன்றின் வேரோடு வரும் நோய் ஒரு பள்ளத்தாக்கையே கெடுக்கலாம்.

கன்று வாங்கும்போது அடித்தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். கறுப்புக் கோடோ புள்ளியோ தெரிந்தால் அது கருந்தண்டு நோய். விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். நான்கைந்து இலையும் கையளவு உயரமும் போதும். திசு வளர்ப்புக் கன்று என்றால் கண்ணாடிக் குடுவையின் ஈரத்துக்குப் பழகியது. முதல் மூன்று வாரம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடிக்குள் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கிய பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

நடுவதற்கு ஏற்ற காலம் புரட்டாசி. ஆனி, ஆடியின் அடைமழை ஓய்ந்திருக்கும், அடுத்து ஐந்து மாதம் குளிர் இருக்கும். கோடை வருவதற்குள் வேர் நன்றாகப் பிடித்துவிடும். மாசி, பங்குனியில் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே வெயில் வந்துவிடும்.

முதல் வருடம் தொட்டியில் தொடங்குங்கள், பாத்திக்கு அவசரம் வேண்டாம். 12 அங்குல மண்தொட்டி, அடியில் மூன்று நான்கு ஓட்டை. சுட்ட மண்ணின் வழியே ஈரம் ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும்; கறுப்பு குரோபேக் நேர்மாறாக வெப்பத்தை உள்ளே இழுக்கும். கலவை அளவு: 6 மில்லிமீட்டர் ஜல்லி நான்கு பங்கு, நன்றாக மக்கிய கம்போஸ்ட் மூன்று பங்கு, மண் மூன்று பங்கு. ஜல்லியைக் கழுவித் தூசியை நீக்கிவிட்டுப் போடுங்கள். அந்தத் தூசி அடியில் இறங்கிச் சிமெண்டாக இறுகினால் தண்ணீர் வடியாது.

மண் விஷயத்தில் உங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தேயிலைக்காட்டு மண் புளிப்பு மண். அமிலகார அளவு 4.5 முதல் 5.5 வரை இருக்கும். தேயிலைக்கு அது அமிர்தம், வசாபிக்கு 6 முதல் 7 வேண்டும். புளிப்பு மண்ணில் வேர்முடிச்சு நோயும் சுலபமாகப் பிடிக்கும். அதனால் பத்து லிட்டர் கலவைக்கு 30 கிராம் டோலமைட் சுண்ணாம்புப் பொடி சேர்த்து, நனைத்து, இரண்டு வாரம் ஆறவிட்டு, சோதனைக் காகிதத்தில் பார்த்துவிட்டு நடுங்கள். 6-க்குக் கீழ் இருந்தால் இன்னும் 10 கிராம். முட்டைக்கோஸ், முள்ளங்கி, காலிஃபிளவர் போட்ட பாத்தி மண்ணை மட்டும் எடுக்கவே கூடாது.

நடும் முன் கன்றின் வேரை, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சூடோமோனாஸ் (வேர் நோயைத் தடுக்கும் பாக்டீரியாப் பொடி) கரைத்த கரைசலில் அரைமணி நேரம் நனைத்துவையுங்கள். சூடோமோனாஸ் பற்றி வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் கேட்டால் வழி சொல்வார்கள். பிறகு வேர் மட்டும் மண்ணுக்குள் போகுமாறு நடுங்கள். இலைகள் கிளம்பும் கொண்டைப் பகுதி மண்ணுக்கு மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தெரிய வேண்டும். கொண்டையை மூடி நட்டால் மழைக்காலத்தில் அது அழுகுவதைத் தடுக்கவே முடியாது. வசாபியில் நாம் சாப்பிடும் 'கிழங்கு' உண்மையில் தண்டு. அது மேல்நோக்கித்தான் தடிக்கும், அடியிலிருந்து ஒவ்வொரு இலையாக உதிர்ந்து தழும்பு விட்டுக்கொண்டே உயரும். கேரட்டைப் போல மண்ணுக்குள் தேடாதீர்கள்.

நிழலுக்கு வருவோம். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் வீட்டின் வடக்குச் சுவர் ஓரமாக வைக்கச் சொல்லும். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருப்பதால் அது சரி. தேவிகுளம் பத்து பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அதாவது வெயில் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல் பிற்பாதியிலும் மே மாதத்திலும் வடக்குச் சுவரில்தான் வெயில் விழும். அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றிய செடி முதல் கோடையிலேயே போய்விடும். நமக்கு வேண்டியது மேலிருந்து விழும் நிழல்: 75 சதவீத நிழல்வலை, ஆறடிக்கு மேல் உயரத்தில், நான்கு பக்கமும் காற்று போகும்படி. வலையைத் தாழ்வாகக் கட்டினால் அடியில் சூடான காற்று தேங்கும். ஏலத்தோட்டத்தில் நிழல் சீர்செய்யத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால் இது அவருக்குப் பழக்கமான வேலை. காலை எட்டரை ஒன்பது மணி வரை இளவெயில் படலாம், அதன் பிறகு கூடாது. மேகம் மூடிய ஆனி, ஆடியில் அதே 75 சதவீத வலை இருட்டாகிவிடும். அப்போது 50 சதவீத வலைக்கு மாற்றுங்கள்.

அந்த மாதங்களில் நிழல் மட்டும் போதாது, கூரையும் வேண்டும். வாரக்கணக்கில் கொண்டையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் மென்னழுகல் வரும். 200 மைக்ரான் ஒளி ஊடுருவும் பாலித்தீன் ஷீட்டை நல்ல சரிவாகக் கட்டுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மார்கழி, தையில் மூணாறு பக்கத்துப் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி விழும். வசாபி லேசான குளிரைத் தாங்கும், பூஜ்யத்துக்குக் கீழ் மூன்று டிகிரி போனால் இலை கருகும். பள்ளத்தில் வைக்காமல் சற்று மேட்டில், சில்வர் ஓக் மரத்தடியில் வைத்தாலே பெரும்பாலும் தப்பிவிடும்.

தண்ணீர் தினமும் காலையில், அடியில் வடியும் அளவுக்கு. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். கோடையில் பகல் இரண்டு மூன்று தடவை இலை மேல் மெல்லிய தூறல் கொடுத்தால் சூடு தணியும். இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நண்பகலில் இலையெல்லாம் தொங்கிப் போகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் ஊற்றுவார்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் இலை தொங்கினால் அது வெப்பத்தின் தொல்லை. அப்போது தண்ணீர் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். செய்ய வேண்டியது இன்னொரு வலை போடுவது அல்லது தொட்டியை இடம் மாற்றுவது. மாலையில் இலை தானாக நிமிர்ந்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் தொங்கியே இருந்தால்தான் வேரைச் சோதிக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு தொட்டியிலும் பத்து லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி வழியவிடுங்கள். வசாபி தன் காரப் பொருளை வேரைச் சுற்றியும் கசியவிடும். தேங்கும் மண்ணில் அது சேர்ந்து செடியின் வளர்ச்சியையே மட்டுப்படுத்தும். ஓடும் தண்ணீரில் விளையும் கிழங்கு பெரிதாக இருப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்: தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது.

உரம் குறைவாகவே வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று சதவீதப் பஞ்சகவ்யம் ஒரு டம்ளர் போதும். பச்சைச் சாணத்தை அப்படியே போட வேண்டாம், அழுகலைக் கூட்டும். காரத்துக்குக் கந்தகம் வேண்டும். காரத்தைத் தரும் சினிக்ரின் என்ற சேர்மத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு கந்தக அணு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு டீஸ்பூன் ஜிப்சம் தொட்டியின் ஓரமாகத் தூவுங்கள். அம்மோனியம் சல்பேட்டிலும் கந்தகம் உண்டு, ஆனால் ஏற்கெனவே புளித்த மண்ணை அது இன்னும் புளிக்க வைக்கும்.

தண்ணீர்ப் பாத்தி இரண்டாம் வருட வேலை. ஜப்பானின் ஷிசுவோகா மாவட்டத்தில் உதோகி என்ற மலைக் கிராமத்தில் ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வசாபி சாகுபடியிலிருந்து பிற்காலத்தில் வளர்ந்த முறை இது, 2018-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு ஷிசுவோகாவின் வசாபி சாகுபடியை உலக வேளாண் மரபுச் செல்வமாக ஏற்றது. அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சிறிய கல், உச்சியில் மணல். தண்ணீர் அந்த அடுக்குகளின் ஊடே ஆக்ஸிஜனோடு ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டளவில் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் போதும். நீளவாட்டில் ஐந்து சென்டிமீட்டர் சரிவு. கீழே 20 சென்டிமீட்டருக்குக் கைப்பிடிக் கல், அதன் மேல் 10 சென்டிமீட்டருக்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே 10 சென்டிமீட்டருக்குப் பொடி ஜல்லியும் பெருமணலும். ஓர் அடி இடைவெளியில் பதினெட்டு கன்று வரை கொள்ளும். ஹோஸில் பத்து லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தால் தண்ணீர் போதுமானது. மேற்பரப்பில் ஒரு விரல் தடிமனுக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. கொண்டை எப்போதும் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும்.

மழை நாளில் ஊற்று செம்மண் கலங்கி வரும். அந்த வண்டல் இரண்டே நாளில் ஜல்லி இடுக்கை அடைத்துவிடும். பாத்திக்கு முன்னால் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, தண்ணீர் அதன் அடியில் விழுந்து மேலே வழிந்து பாத்திக்குப் போகும்படி செய்யுங்கள். வாரம் ஒருமுறை அடி வண்டலைத் திறந்துவிடுங்கள். ஊற்றுக்கு மேலே தேயிலைக்கு மருந்தடிக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் பாத்தி போட வேண்டும், ஏனென்றால் இதைப் பச்சையாகச் சாப்பிடப் போகிறீர்கள். பொது ஓடைக்குள் கல்லடுக்கிச் செடி வைக்க வேண்டாம். கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் அந்தத் தண்ணீரைக் குடிக்கும். அதே காரணத்தால் பாத்தியில் உரமும் மருந்தும் போடக் கூடாது.

பூச்சியில் முதலிடம் நத்தைக்கும் ஓடில்லா நத்தைக்கும். ஒரே இரவில் இளங்குருத்தைத் தின்றுவிடும். சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அதில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ வையுங்கள். காலையில் அடியில் கூடியிருப்பதைப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். செடிக்குப் பக்கத்தில் உப்பைத் தூவாதீர்கள். முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவும் இலையைச் சல்லடையாக்கும். பத்துச் செடி வரை கையால் பொறுக்குவதே நல்லது. அதற்கு மேல் பி.டி. பாக்டீரியா மருந்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். அசுவினிக்குத் தண்ணீர் பீய்ச்சினால் போதும். வேப்பெண்ணெய்க் கரைசல் கெட்டியாக இருந்தால் வசாபி இலை கருகும்.

கொண்டை வழவழத்து நாற்றம் வந்தால் அது மென்னழுகல். அந்தச் செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள்; கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். காப்பாற்றலாம் என்று வைத்திருந்தால் பக்கத்துத் தொட்டியும் போகும்.

கிழங்குக்கு 18 முதல் 24 மாதம் ஆகும். அதுவரை சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு மாதம் ஒன்றிரண்டு முதிர்ந்த இலையைக் காம்போடு எடுக்கலாம். இலையையும் காம்பையும் நறுக்கி, சிட்டிகை உப்பும் சர்க்கரையும் தூவி, 80 டிகிரித் தண்ணீரை, அதாவது கொதி வருவதற்குச் சற்று முன்பான தண்ணீரை, ஊற்றி உடனே வடித்து, இறுக்கமான டப்பாவில் போட்டு நன்றாகக் குலுக்கி ஆறவிடுங்கள். திறக்கும்போது மூக்கில் ஏறும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் காரத்தை உண்டாக்கும் நொதி செத்து, வெறும் கீரையாகிவிடும்.

கிழங்கு பதினைந்து சென்டிமீட்டர் நெருங்கியதும் முழுச் செடியாக எடுங்கள். இலைக்காம்புகளை நீக்கி, இலைப் பக்கத்திலிருந்து, மெல்லிய துருவியில் வட்டமாகத் தேயுங்கள். செல்கள் நன்றாக நசுங்கினால்தான் நொதியும் சினிக்ரினும் சேர்ந்து காரம் பிறக்கும். ஓரிரு நிமிடம் வைத்துப் பரிமாறுங்கள். கால்மணி, இருபது நிமிடத்தில் காரம் பறந்துவிடும். எனவே அந்தந்த வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் துருவி, மிச்சக் கிழங்கை ஈரத்துணி சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். வறுத்த மீனுக்கு ஒரு கடலை அளவு தொட்டுக்கொண்டால் போதும். சமையலில் சேர்த்துக் கொதிக்கவிட்டால் இரண்டு வருட உழைப்பு ஆவியாகிவிடும்.

குமுளி அக்காவுக்கு: அங்கே ஊற்றுத் தண்ணீரே இருபது டிகிரிக்கு மேல்தான் இருக்கும், மாடித் தளம் அதைவிடக் கொதிக்கும். கீழே கம்பம், போடி பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதே பதில்தான். தண்ணீரைக் குளிரூட்டும் கருவி வைத்து வளர்க்க முடியும் என்றாலும் மின்கட்டணத்துக்கு அந்தக் கிழங்கு ஈடாகாது. கடுகுக் கீரையில் காரமான ரகங்களை ஐப்பசியில் விதைக்கலாம். நாற்பது நாளில் இலை கிடைக்கும், வசாபியின் அதே காரம்தான். கடுகைப் பொடித்துக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் மூடிவைத்தாலும் அந்த மூக்கேறும் உறைப்பு வரும். கடைகளில் பச்சை நிறத்தில் விற்கும் வசாபி பேஸ்ட் பெரும்பாலும் குதிரை முள்ளங்கியும் கடுகும் நிறமும்தான், ஆகவே அக்கா எதையும் இழக்கவில்லை. முருங்கை வேரைத் துருவினால் இதே மணம் வரும் என்று சிலர் சொல்வார்கள். மணம் வருவது உண்மை, ஆனால் வேர்ப்பட்டையில் நச்சு ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. அதைச் சாப்பிட வேண்டாம்.

தேவிகுளத்துச் செடியை எடுக்கும்போது தாய்த்தண்டைச் சுற்றிப் பக்கக் கன்றுகள் இருக்கும். முதலில் தாய்த்தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கறுப்பு இல்லையென்றால் மட்டும் கன்றுகளை வேரோடு பிரித்து, சூடோமோனாஸில் நனைத்து, புதுக் கலவையில் நடுங்கள். பழைய கலவையை பீன்ஸ் பாத்திக்குக் கொடுத்துவிடலாம். முட்டைக்கோஸும் முள்ளங்கியும் வசாபியும் அந்த மண்ணில் மூன்று வருடமாவது திரும்பக் கூடாது.